ரெட் லயன் சதுக்கத்தின் ஞாயிற்றுக்கிழமைகள்

வழிபாடும் வேதநூலும் குருமாரும் இல்லாத ஒரு சபை, எப்படி வாழ்வது நல்லது என்ற கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாரந்தோறும் கூட முடியுமா, கூடினாலும் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைக்க முடியுமா என்ற ஐயம் இயல்பானது. லண்டன் மாநகரின் ஹோல்போர்ன் பகுதியில், ரெட் லயன் சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் கான்வே மண்டபம் அந்த ஐயத்துக்கு நெடுங்காலமாக விடை சொல்லி வருகிறது. மண்டபம் திறக்கப்பட்டது 1929இல் என்றாலும், அதை நடத்தும் கான்வே மண்டப அறநெறிச் சங்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்விட்டது. அன்று தொட்டு அதன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பெயரும் இடமும் கொள்கையும் பலமுறை மாறியபோதிலும், ஏதேனும் ஒரு வடிவில் தொடர்ந்து வந்திருக்கிறது. அறத்துக்கு ஆதாரமாகத் தெய்வக் கட்டளையையோ மறுமை பற்றிய அச்சத்தையோ நாடாமல், மனிதரின் அறிவு, பரிவு, கூடிவாழ்ந்து பெற்ற அனுபவம் ஆகியவற்றையே போதுமானவையாகக் கொள்ளும் நிலைப்பாட்டை மனிதநேயக் கொள்கை என்றும், அந்த நிலைப்பாட்டை ஒட்டி மக்கள் கூடும் அமைப்பை அறநெறிச் சங்கம் என்றும் வழங்குவர். உலகில் இன்று இயங்கும் அத்தகைய அமைப்புகளுள் மிகப் பழமையானதாக இச்சங்கம் கருதப்படுகிறது.

இதன் தொடக்கம் ஒரு கிறிஸ்தவச் சபையாகத்தான் இருந்தது. எல்ஹனான் வின்செஸ்டர் என்ற அமெரிக்கப் போதகர் 1787இல் பிலடெல்பியாவிலிருந்து லண்டனுக்கு வந்து, பாவிகளுக்கு முடிவில்லாத நரகம் உண்டு என்னும் போதனையை மறுத்து, இறுதியில் எல்லா உயிரும் மீட்கப்படும் என்று பிரசங்கித்தார். அன்பே உருவான கடவுள் தம் படைப்பை என்றென்றும் நெருப்பில் வாட்டுவார் என்பதை அவருடைய மனச்சான்று ஏற்கவில்லை. அவரைப் பின்பற்றியவர்கள் 1793இல் பிஷப்ஸ்கேட் பகுதியில் ஒரு தேவாலயத்தில் நிலைகொண்டனர். வின்செஸ்டர் தாயகம் திரும்பியபின் பொறுப்பேற்ற வில்லியம் விட்லர் காலத்தில், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவர் ஒரே கடவுள் என்ற திரித்துவக் கோட்பாட்டையும் சபை கைவிட்டு, கடவுள் ஒருவரே என்று மட்டும் கொள்ளும் யூனிட்டேரியன் பிரிவின் பக்கம் வந்தது. திரித்துவத்தை மறுப்பது இங்கிலாந்தில் 1813 வரை சட்டப்படி குற்றமாக இருந்ததை நினைத்தால், அந்தச் சிறிய கூட்டத்தினரின் துணிவு விளங்கும்.

இவ்வாறு தொடங்கிய கழித்தல் ஒரு நூற்றாண்டுக்கு நீடித்தது. முதலில் நரகம் போயிற்று. பிறகு திரித்துவம், அற்புதங்கள், ஜெபம் என ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் கடவுள் நம்பிக்கையும் உறுப்பினர் ஒவ்வொருவரின் சொந்த விஷயம் என்றாகியது. ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்கும் வழக்கத்தை மட்டும் அவர்கள் எந்தக் கட்டத்திலும் விடவில்லை. சமயச் சீர்திருத்தங்களில் பெரும்பாலும் சடங்கு மாறாமல் பொருள் மட்டும் மாறும், அல்லது இரண்டும் சேர்ந்து மறையும்; இங்கே கேட்டல் என்னும் ஒரு பழக்கம், தன்னைத் தாங்கிய எல்லா நம்பிக்கைகளும் போனபிறகும் தன் காலில் நின்றது.

1817இல் போதகரான வில்லியம் ஜான்சன் ஃபாக்ஸ் இந்த மாற்றத்தில் முக்கியமானவர். அவருக்காக 1824இல் ஃபின்ஸ்பரி பகுதியின் சவுத் பிளேஸ் என்னுமிடத்தில் புதிய தேவாலயம் எழுந்தது. 2012 வரை அந்த இடத்தின் பெயரே சபையின் பெயரிலும் இருந்தது. இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களுக்கு எதிரான போராட்டத்தின் பெரும் பேச்சாளராகவும், பின்னர் ஓல்டாம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய ஃபாக்ஸ், உழைப்பாளிகளின் கல்வி, பெண்களின் நிலை, இலக்கியம், அரசியல் எனப் பிரசங்கத்தின் பொருளை அகலப்படுத்தினார். மணவாழ்வு முறிந்து, இசையமைப்பாளர் எலைசா ஃபிளவருடன் அவர் ஒரே வீட்டில் வாழத் தொடங்கியபோது யூனிட்டேரியன் போதகர்கள் அவரை விலக்கினர். சபையிலும் ஒரு பகுதியினர் வெளியேறினர். எஞ்சியவர்கள் எந்தத் திருச்சபைக்கும் கட்டுப்படாத தனிச் சபையாயினர். எலைசாவின் தங்கை சாரா ஃபிளவர் ஆடம்ஸ் இந்தச் சபையின் பாடல் தொகுப்புக்காக எழுதிய ஒரு துதிப்பாடல் பின்னர் உலகெங்கும் பரவி, இன்று தமிழ்த் தேவாலயங்களிலும் மொழிபெயர்ப்பில் பாடப்படுகிறது. கடவுளை நோக்கி நெருங்க விழையும் அந்தப் பாட்டு, பிற்காலத்தில் கடவுளை விட்டு விலகிய ஒரு சபையில் பிறந்தது என்பதை அதைப் பாடுவோரில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

மண்டபத்துக்குப் பெயர் தந்த மன்கியூர் டேனியல் கான்வே 1832இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமைகளை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். மெதடிஸ்ட் போதகராகத் தொடங்கி, அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனின் எழுத்தால் மனம் மாறி, ஹார்வர்டில் பயின்று யூனிட்டேரியன் போதகரான அவரை, அடிமை முறையைக் கண்டித்துப் பிரசங்கித்ததற்காக வாஷிங்டன் சபை 1856இல் பதவி நீக்கியது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல், தம் தந்தையின் பண்ணையிலிருந்து தப்பி வந்த சுமார் 30 அடிமைகளைத் தாமே உடனிருந்து, பகைமை நிறைந்த பால்டிமோர் நகர் வழியாக ரயிலில் அழைத்துச் சென்று, ஒஹாயோ மாநிலத்தில் சுதந்திர மனிதர்களாகக் குடியேற்றினார். மேடையில் சொன்ன அறத்தைத் தன் குடும்பத்துச் சொத்துக்கு எதிராகவே நிறைவேற்றிய ஒருவர்தாம் 1864இல் சவுத் பிளேஸ் மேடையில் ஏறினார் என்பதை மறந்துவிட்டு, அந்தச் சபை அவர் சொல்லுக்கு அளித்த மதிப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

கான்வே காலத்தில் பொது ஜெபம் நின்று, அதன் இடத்தில் சிறிது நேர மௌனச் சிந்தனை வந்தது. பைபிள் வாசிப்போடு பிற சமயங்களின் நூல்களும் வாசிக்கப்பட்டன. அதற்கென்றே கீழைநாட்டு மறைநூல்களிலிருந்து பகுதிகளைத் தொகுத்து 1874இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கீழைநாடுகளைப் பற்றிய அந்த ஆர்வம் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1883-84இல் அவர் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பயணம் செய்து, சென்னை அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தின் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். அங்கே சொல்லப்பட்ட அற்புதங்களை அவர் நம்பவில்லை என்பது அவர் எழுதிய பயண நூலில் தெளிவாக இருக்கிறது. அதே அடையாற்றின் தலைமைப் பொறுப்புக்குப் பின்னாளில் வந்த அன்னி பெசன்ட், இளம் வயதில் பாதிரியாரான கணவரையும் கிறிஸ்தவத்தையும் துறந்து தனித்து நின்றபோது, அவருக்கு ஆதரவளித்த வீடுகளுள் கான்வே தம்பதியரின் வீடும் ஒன்று. சவுத் பிளேஸ் கூட்டங்களுக்கு அவர் சென்றுவந்தார். நாத்திகப் பேச்சாளர் சார்லஸ் பிராட்லாவின் உரையைப் போய்க் கேட்கும்படி அவரைத் தூண்டியவர் கான்வேயின் மனைவி எலன். அந்தப் பிராட்லாவின் கருத்துகளைச் சென்னையில் 1880களில் ‘தத்துவ விவேசினி’ இதழ் தமிழில் பரப்பியது. லண்டன் மேடைகளில் நடந்த விவாதத்தின் எதிரொலி, இவ்வாறு பல வழிகளில் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் பிரசங்கம் என்னும் வடிவம் தன் தாயகமான தேவாலயத்தை விட்டு வேறு பயன்களுக்குப் போனது இங்கிலாந்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் பணியாற்றி அந்த வடிவத்தை நெருங்கிக் கண்ட ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, அதை வெள்ளிதோறும் நடத்தினார். நோக்கத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசைகள்: நாவலர் அந்த வடிவத்தைத் தம் சமயத்தைக் காக்கப் பயன்படுத்தினார், சவுத் பிளேஸ் அதைச் சமயத்தைக் கடக்கப் பயன்படுத்தியது. ஆயினும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, பொதுமக்களை அமர்த்தி, ஒரு பொருளை எடுத்து விளக்கிப் பேசுவதன் ஆற்றலை இரு தரப்பினரும் ஒருசேர உணர்ந்திருந்தனர்.

கான்வே சவுத் பிளேஸில் பேசிவந்த காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில், யூத ரபியின் மகனும் ஹைடல்பர்க்கில் முனைவர் பட்டம் பெற்றவருமான ஃபீலிக்ஸ் அட்லர், தந்தையின் பீடத்தை ஏற்காமல், 1876இல் நியூயார்க் அறப் பண்பாட்டுச் சங்கத்தை நிறுவினார். கடவுளைப் பற்றி மனிதர்கள் ஒருபோதும் ஒத்துப்போகப் போவதில்லை, செய்யத்தக்கது எது என்பதில் ஒத்துப்போக முடியும் என்பது அவர் கொண்ட முடிவு. ஆகவே நம்பிக்கையை விடச் செயலை முன்வைத்தார். ஞாயிறு உரையை அங்கே ‘மேடை’ என்றே வழங்குவர். அந்த மேடையைச் சுற்றி ஏழைக் குழந்தைகளுக்கான இலவசப் பாலர் பள்ளி 1878இல் தோன்றி, பின்னர் முழுப் பள்ளியாக வளர்ந்தது. இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் அதில் படித்தவர். 1904இல் அமைந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் முதல் தலைவரும் அட்லரே. பேச்சு பேச்சோடு முடிந்தால் அறம் வெறும் ரசனையாகிவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானது.

அட்லரின் மாணவரான ஸ்டான்டன் காய்ட், கான்வே பொறுப்பிலிருந்து விலகியிருந்த 1888இல் லண்டன் வந்து, சபை தன்னை அறநெறிச் சங்கம் என்று அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சவுத் பிளேஸின் பொறுப்பை ஏற்றார். பெயர் நிலைத்தது; காய்ட் நிலைக்கவில்லை. உறுதியான தலைமையும் அழகான சடங்கும் இல்லாமல் ஓர் அறச்சமூகம் ஒன்றுபட்டு நிற்காது என்று நம்பிய அவர் சில ஆண்டுகளிலேயே விலகி, பின்னர் பேஸ்வாட்டரில் ஓர் ‘அறநெறித் தேவாலயத்தை’ அமைத்துப் பாடலும் வாசகங்களும் கொண்ட வழிபாட்டு முறையை அங்கே நடத்தினார். அவர் ஒருங்கிணைத்த அறநெறிச் சங்கங்களின் ஒன்றியமே பிற்காலத்தில் பிரிட்டனின் தேசிய மனிதநேய அமைப்பாக மாறியது என்றாலும், அந்த அறநெறித் தேவாலயம் அவருக்குப் பின் நெடுநாள் வாழவில்லை.

கான்வே திரும்பி வந்து சில ஆண்டுகள் பணியாற்றி 1897இல் ஓய்வுபெற்றதும், சவுத் பிளேஸ் எடுத்த முடிவு அதன் வரலாற்றிலேயே மிக ஆழமானது. இனி ஒரே போதகர் வேண்டாம் என்று முடிவெடுத்து, முறைவைத்துப் பேசும் உரையாளர் சிலரைச் சங்கம் நியமித்தது. கடவுளை விடுவதைவிடப் போதகரை விடுவது கடினம்; ஏனெனில் கொள்கை மனத்தில் இருக்கிறது, போதகரோ ஞாயிறுதோறும் கண்முன் நின்று, இதுதான் சரி என்று சொல்லி நிம்மதி தருகிறார். அந்த நிம்மதியைத் தாமாகவே துறந்தபோதுதான் அது முழுமையாகச் சபை என்னும் நிலையைக் கடந்து சங்கமாகியது எனலாம். முதல் உரையாளர்களுள் ஒருவரான ஜே.ஏ. ஹாப்சன் ஏகாதிபத்தியத்தின் பொருளாதார வேர்களை ஆராய்ந்து 1902இல் எழுதிய நூலை லெனினே எடுத்தாண்டார். மற்றொருவரான ஜே.எம். ராபர்ட்சன் பள்ளிப்படிப்பை இளமையிலேயே விட்டுத் தாமாகக் கற்றுப் பேரறிஞரானவர். ஹெர்பர்ட் பர்ரோஸ் 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தில் அன்னி பெசன்டுக்குத் தோள்கொடுத்தவர். பின்னர் சேர்ந்தவர்களுள் ஜோசப் மெக்கேப் துறவுக் கோலத்தைக் களைந்து வந்த முன்னாள் பிரான்சிஸ்கன் துறவி, எஸ்.கே. ராட்கிளிஃப் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ஆசிரியப் பொறுப்பு வகித்தவர். ஒரு வாரம் பொருளியல், மறுவாரம் சமய வரலாறு, அதற்கடுத்த வாரம் இந்தியச் செய்தி என்று கேட்ட ஒரு கடைக்காரரோ எழுத்தரோ, எந்த ஒருவரின் சீடராகவும் ஆகிவிடாமல் அவர்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பழகினார்.

வாராந்தர உரைகளோடு, கான்வேயின் நினைவாக 1910 முதல் நினைவுச் சொற்பொழிவு ஒன்றும் நடத்தப்பட்டது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் கிரேக்க இலக்கிய அறிஞர் கில்பர்ட் மர்ரே, இன்ப துன்பங்களுக்கு அசையாத உள்ளத்தைப் பேறாகக் கொண்ட ஸ்டோயிக் தத்துவத்தைப் பற்றிப் பேசினார். 1922இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சுதந்திரச் சிந்தனையையும் அரசுப் பிரசாரத்தையும் பொருளாக எடுத்துக்கொண்டு, கருத்துக்காகத் தண்டனையோ வேலை இழப்போ நேரும் இடத்தில் சிந்தனை சுதந்திரமாக இருக்க முடியாது என்றும், பள்ளிக்கல்வியும் பிரசாரமும் பொருளாதார நெருக்குதலும் அதைத் தடுக்கும் மூன்று கருவிகள் என்றும் வாதிட்டார். அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் முன்வைத்த நம்பும் விருப்பத்துக்கு மாற்றாக, ஐயுறும் விருப்பத்தைப் பழக வேண்டும் என்பது அந்த உரையின் மையம்.

பழைய தேவாலயம் 1920களில் விற்கப்பட, சங்க உறுப்பினரான கட்டடக்கலைஞர் ஃபிரடெரிக் ஹெர்பர்ட் மான்ஸ்ஃபோர்ட் வடிவமைத்த புதிய மண்டபம் ரெட் லயன் சதுக்கத்தில் எழுந்தது. பேரவைக்கூடத்தின் சுவர்களில் மரப்பலகைகள் பதிந்துள்ளன; பகல் வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாக இறங்குகிறது; கூடத்தின் மேல்பகுதியில் மாடி இருக்கைகள் உள்ளன. பீடம் இருக்கக்கூடிய இடத்தில் ஒரு மேடையும், அதன் முகப்புக்கு மேலே ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்திலிருந்து எடுத்த ஒரு சிறு வாசகமும் உள்ளன. தனக்குத் தானே உண்மையாக இருக்கச் சொல்வது அதன் பொருள். வேதவசனம் எழுதும் இடத்தில் நாடகத்து வரி ஒன்றை எழுதியதில் அந்தச் சங்கத்தின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. அந்தக் கூடத்தில் நடக்கும் உரையின் முறை எளியது: தலைமை வகிப்பவர் பேச்சாளரை அறிமுகம் செய்வார், பேச்சாளர் தம் பொருளை விரித்துரைப்பார், அதன்பின் அவையிலிருந்து கேள்விகள் வரும். பிரசங்கத்துக்குப் பின் ஆமென் சொல்லிக் கலையும் அவைக்கும், எழுந்து நின்று மறுத்துப் பேசும் அவைக்கும் உள்ள தூரம் பெரிது. பேச்சாளரின் தயாரிப்பு முழுவதையும் ஒரு முதியவரின் நேரான கேள்வி கலைத்துவிடக்கூடும் என்ற நிலை இருப்பதால்தான், அங்கே பேச வருபவர் தம் வாதத்தை முன்கூட்டியே சோதித்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

கருத்துரிமையை இவ்வளவு மதித்த இடம் அதன் விலையையும் கண்டது. சட்டத்துக்கு உட்பட்ட எவருக்கும் கூடத்தை வாடகைக்கு விடும் வழக்கத்தின்படி, குடியேறிகளை எதிர்த்த நேஷனல் ஃபிரண்ட் கட்சிக்கும் அது கிடைத்தது. 1974 ஜூன் 15 அன்று அக்கட்சியின் கூட்டத்தை எதிர்த்து ஊர்வலமாக வந்தோருக்கும் காவல்துறையினருக்கும் ரெட் லயன் சதுக்கத்தில் மூண்ட மோதலில், வார்விக் பல்கலைக்கழக மாணவரான 20 வயது கெவின் கேட்லி தலையில் காயமுற்று உயிரிழந்தார். நீதிபதி ஸ்கார்மன் விசாரணை நடத்தினார். அந்த மரணத்தின் துயரத்தை எந்தக் கொள்கையும் ஈடுசெய்யாது. அதோடு, இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவும் அது வற்புறுத்துகிறது. ஞாயிறு மேடையில் எவ்வளவு கசப்பான கருத்தைச் சொன்னாலும், சொன்னவர் அங்கேயே நின்று பதில் சொல்லியாக வேண்டும். வாடகைக் கூட்டத்தில் அந்தக் கடமை இல்லை. தம்மவரை மட்டும் உட்கார வைத்துக் கேள்விக்கு இடமில்லாமல் பேசிவிட்டுப் போகலாம். சங்கம் நூறாண்டு காத்துவந்த கருத்துரிமை முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டதே பிழை என்று கருத இடமுண்டு.

சங்கத்தின் ஞாயிறு உரைகள் எதைச் சேர்ந்தவை, சமயத்தையா கல்வியையா என்ற கேள்வி 1980இல் நீதிமன்றத்துக்கும் வந்தது. வரிச்சலுகைக்கு உரிய அறக்கொடை நிறுவனமாகத் தன்னை ஏற்க வேண்டும் என்று சங்கம் கோரியது. அறநெறிகளைப் பயின்று பரப்புதலோடு பகுத்தறிவுக்கு ஒத்த சமய உணர்வை வளர்ப்பதும் அதன் நோக்கங்களில் எழுதப்பட்டிருந்ததால், சமயத்தை வளர்க்கும் அமைப்பு என்ற அடிப்படையிலும் வாதம் வைக்கப்பட்டது. நீதிபதி தில்லன் அந்த வாதத்தை ஏற்கவில்லை: சமயம் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவைப் பற்றியது, அறவியல் மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைப் பற்றியது, வழிபாடு இல்லாத இடத்தில் சமயம் இல்லை என்பது அவர் வகுத்த வேறுபாடு. இதற்கு 23 ஆண்டுகள் முன்பே, 1957இல், அமெரிக்க முறையீட்டு நீதிமன்றம் ஒன்று வாஷிங்டன் அறநெறிச் சங்கத்தின் வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பளித்து, ஞாயிறு கூட்டமும் தலைவர்களும் கொண்ட அச்சங்கத்தைச் சமய அமைப்புக்குரிய வரிவிலக்கின் கீழ்க் கொண்டுவந்திருந்தது. ஒரே வேரில் முளைத்த இரு சங்கங்கள், கடலின் ஒரு கரையில் சமயமாகவும் மறுகரையில் சமயமல்லாததாகவும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தன. லண்டன் சங்கம் தோற்றுவிடவில்லை; மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் மேம்படுத்தும் கல்விப் பணி அது என்று கண்ட தில்லன், அந்த அடிப்படையில் அதை அறக்கொடை நிறுவனமாக ஏற்றார். உறுப்பினர்கள் சிலரே என்றாலும் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் எவரும் வரலாம் என்பதும் அந்த முடிவுக்குத் துணைநின்றது.

2012இல் சங்கம் சவுத் பிளேஸ் என்ற பழைய பெயரை விட்டு மண்டபத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 2013இல் லண்டனில் நகைச்சுவைக் கலைஞர்கள் இருவர் தொடங்கிய ‘ஞாயிறு கூட்டம்’ என்னும் அமைப்பு, கடவுள் இல்லாமல் சேர்ந்து பாடிக் களிக்கும் சபையாக வளர்ந்து, சில காலம் இதே மண்டபத்தில் கூடியது. காய்ட் ஏங்கிய சேர்ந்திசை அவர் விலகிச்சென்ற சங்கத்தின் கூரைக்குக் கீழேயே மீண்டும் ஒலித்தது. சங்கத்தின் சொந்த உரைத்தொடர் தன் போக்கில் தொடர்கிறது. அறிவியல், தத்துவம், அரசியல், வரலாறு என ஏதேனும் ஒரு பொருளில் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டு, பிறகு கேள்வி எழுப்புகிறார்கள். மேல்தளத்து நூலகத்தில் மனிதநேயச் சிந்தனை பற்றிய ஆயிரக்கணக்கான நூல்களும் பழைய உரைகளின் அச்சுப் பிரதிகளும் பாதுகாக்கப்படுகின்றன. ஞாயிறு மாலையானால், அதே மேடையில் நாற்காலிகள் அரைவட்டமாகப் போடப்பட்டு, 1887இல் சவுத் பிளேஸில் தொடங்கிய அறையிசைக் கச்சேரி வரிசையின் அடுத்த கச்சேரிக்கு வயலின்களைச் சுருதி சேர்க்கிறார்கள்.